உதயகலாவின் குளிசைப் பேணி

உரும்பிராயில் உதயகலாவுக்கு ஊர் வைத்த பெயர் பாமசி அக்கா. அவள் மருந்து விற்பவள் அல்ல, வாங்குபவள். எந்தக் கடையில் எந்தக் குளிசை இருக்கிறது, எது என்றைக்குக் கொழும்பிலிருந்து வந்து இறங்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. சனம் சிரிக்கும். சிரித்துவிட்டு, தங்களுக்கு ஒரு மருந்து அகப்படாவிட்டால் அவளிடம்தான் ஓடிவரும். அதுதானே ஊர்!

அவள் தேடுவது மகன் பிரவீணனின் வலிப்புக் குளிசை. எல்லாக் கடையிலும் கிடைக்கிற சாமான் அல்ல அது. டொக்டர் எழுதிய துண்டைப் போட்டோக் கொப்பி அடித்து வைத்துக்கொண்டு நீர்வேலி, கோப்பாய், யாழ்ப்பாணம் டவுன் என்று ஏறி இறங்குவாள். இருப்பதை எல்லாம் வாங்கிவந்து பிஸ்கற் தகரப் பேணிக்குள் அடுக்குவாள். பிரவீணனுக்கு முப்பது தாண்டிவிட்டது. வாழைத்தோட்டம் செய்கிறான். வலிப்பு வந்தே வருடங்கள் ஆகிவிட்டன.

"அம்மா, உவ்வளவும் ஆருக்கு? நான் ஒராள்தானே போடுறன்?"

"கிடக்கட்டும். நீ உன்ரை வேலையைப் பார்."

அவனுக்குக் காரணம் தெரியாது என்றில்லை. அக்கா தர்சிகாவைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி மழையில் நாவற்குழிப் பாலத்தால் நடந்தபோது தர்சிகாவுக்கு ஏழு வயது. அவளுக்கும் இதே வலிப்பு வருத்தம். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் தங்கியிருந்தபோது குளிசை முடிந்துபோனது. உதயகலா கைக்குழந்தை பிரவீணனை இடுப்பில் வைத்துக்கொண்டு கடை கடையாக அலைந்தாள். வெறுங்கையோடு திரும்பியபோது பிள்ளை பாயிலிருந்து தலையைத் தூக்கி, "கிடைச்சதோ அம்மா?" என்று கேட்டது. நாளைக்குக் கிடைக்கும் என்றாள். அடுத்த நாள் பிள்ளை இல்லை.

அன்றிலிருந்து எந்தப் பாமசியில் போய் நின்றாலும், கடைக்காரர் மருந்து றாக்கைப் பக்கம் திரும்பும் நேரம் அவளுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்கும். கிடைச்சதோ அம்மா? திரும்பிப் பார்க்கமாட்டாள். பார்த்தால் அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று தெரியும். இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய பயம். குளிசை மட்டை கைக்கு வந்ததும் குரல் நின்றுவிடும், அடுத்த கடைக்குப் போகும்வரை. பேய் பிடித்தவள் என்று சொல்லுகிறீர்களா, சொல்லிவிட்டுப் போங்கள். பெற்றவளுக்குப் பிள்ளை பேயா?

போன கிழமை டவுன் கடையொன்றுக்குப் போனாள். அங்கே வேலை செய்கிற கீர்த்திகா அவளைக் கண்டதும் சிரித்தாள்.

"அன்ரி, உங்கடை சாமான் வந்திருக்கு. கடைசி ரெண்டு மட்டை."

உதயகலா வாங்கிப் பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்து மூடினாள். அப்போது கேட்டது.

"கிடைச்சதோ அம்மா?"

மட்டை கைக்கு வந்தபிறகு அந்தக் குரல் ஒருநாளும் வந்ததில்லை. இத்தனை வருடத்தில் முதன்முறையாக அவள் திரும்பிப் பார்த்தாள். பள்ளிக்கூட உடுப்போடு ஒரு சின்னப் பிள்ளை நின்றது. அது தன் தாயைத்தான் கேட்டிருந்தது. தாய் ஜெசிதா, குருநகர்க்காரி. அவள் நீட்டிய துண்டை வாசித்த கீர்த்திகாவின் முகம் சுருங்கியது.

"அக்கா, இப்பதான் முடிஞ்சுது."

ஜெசிதாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"எங்கை போனாலும் உதே கதைதான்! கோப்பாயிலை கேட்டனான், நீர்வேலியிலை கேட்டனான். ஒரு மனிசி வந்து முழுக்க வாங்கிக்கொண்டு போட்டாவாம். ரெண்டு நாளாய்ப் பிள்ளைக்குக் குளிசை இல்லை. இரவு வலிச்சுப்போட்டுது. அந்த மனிசி நாசமாய்ப் போக! அவவும் பிள்ளை பெத்தவதானே?"

கீர்த்திகா உதயகலாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து மேசையைத் துடைத்தாள்.

கொடிகாமத்துக் கடைக்காரரும் அன்றைக்கு இதைத்தான் சொன்னார்: "ஆரோ வந்து முழுக்க அள்ளிக்கொண்டு போட்டினம், தங்கச்சி." முகம் தெரியாத அந்த ஆளை உதயகலா மண் அள்ளித் திட்டியிருக்கிறாள். பிள்ளை குட்டி விளங்காமல் போக என்று சாமிப்படத்துக்கு முன்னால் நின்றே திட்டியிருக்கிறாள். அந்த வீட்டிலும் ஒரு பேணி இருந்ததோ என்று இன்றுவரை நினைத்துப் பார்த்ததில்லை. போன மாதம் திகதி முடிந்துபோன மட்டைகளைப் பிரவீணனுக்குத் தெரியாமல் வாழையடியில் புதைத்தது நினைவுக்கு வந்தது.

பையைத் திறந்து இரண்டு மட்டைகளையும் எடுத்து நீட்டினாள்.

"இந்தா பிள்ளை. வீட்டை இன்னும் கிடக்கு, அதையும் தாறன். முதலிலை பிள்ளைக்குக் குடு."

கீர்த்திகா துண்டைத் திரும்பவும் பார்த்து, அதே மருந்துதான், பிள்ளைக்கு அரைக் குளிசை என்றாள். பிள்ளை விழுங்கித் தண்ணீர் குடிக்கும்வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெசிதா உதயகலாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஆண்டவர் உங்களையும் உங்கடை பிள்ளையளையும் நல்லாய் வைச்சிருக்கவேணும், அன்ரி."

"ஐயோ, வேண்டாம்." உதயகலா கையை உருவிக்கொண்டாள். "நீ முதல் சொன்னதுதான் சரி. அந்த மனிசி நான்தான்."

உதயகலாவின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. பிள்ளையின் தலையை ஒருமுறை தொட்டுப் பார்க்கவேண்டும் போலிருந்தது. கையை நீட்டினாள். ஜெசிதா பிள்ளையை இழுத்து, கை எட்டாத பக்கமாக நிறுத்திக்கொண்டாள்.