பேணிக்குள் போன சில்வர் ஹில்

ஜேர்மனியில், டோர்ட்மண்டில் ட்ராம் ஓட்டும் தேவமலருக்கு அமெரிக்காவில் ஓர் ஊர் இருந்தது. சில்வர் ஹில் என்று பெயர். அவள் அங்கே போனதுமில்லை, போகிற எண்ணமுமில்லை. நூறு வருடத்துக்கு முன் ரயில் பாதையும் வெள்ளிச் சுரங்கமுமாக எழும்பிய அந்த ஊரை அவள் பழைய தபாலட்டைகளில் மட்டும்தான் கண்டிருக்கிறாள். இந்தப் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளர்கள் சிலர் அங்கே பிழைக்கப் போய் வீட்டுக்கு அட்டை போட்டிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அவை குப்பை. பழைய சாமான் சந்தைக்கு வந்துவிட்டன. சந்தை சந்தையாக அலைந்து அவள் சேர்த்தாள்.

யாழ்ப்பாணத்துப் பழைய படம் எதுவும் கண்ணில் பட்டால் அவளால் அதைச் சும்மா பார்க்க முடியாது. எந்த வீடு இடிந்தது, அதில் யார் இருந்தார்கள் என்று மனம் தோண்டத் தொடங்கிவிடும். சில்வர் ஹில்லில் அந்தத் தொல்லை இல்லை. அது அவளை ஒருநாளும் அழவைத்ததில்லை. வேலை முடிந்து வந்து தேத்தண்ணியோடு அட்டைகளைப் பரப்புவாள். புகை கக்கும் ரயில், பலகைக் கடைகள், சேற்றுத் தெரு, சுரங்க வாசலில் முறைத்துக்கொண்டு நிற்கும் மீசைக்காரர்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அகதியாக வந்த புதிதில் முகாம் வாசலில் எடுத்த படத்தில் அவளும் அப்படித்தான் நிற்கிறாள். அதில் அவளுக்கு ஒரு ஆறுதல்.

வீட்டுக்குப் பெயின்ற் அடித்த கிழமை, அட்டைகளைத் துணியில் சுற்றி நீலநிறத் தகர பிஸ்கற் பேணியில் இறுக்கி அடுக்கி, மூடியைச் சுற்றி மஞ்சள் ஒட்டு ரேப் ஒட்டி அலுமாரிக்கு மேல் வைத்தாள். பக்கத்தில் அதே நிறத்தில் இன்னொரு பேணி. அதில் கொலோனில் இருக்கும் சிநேகிதி சிசிலியின் மகள் கலியாணத்துக்குச் சுட்ட பயித்தம் பணியாரம். கலியாணத்தன்று தேவமலருக்கு வேலை. கணவர் ஞானசுந்தரம் தனியாகப் போனார். நல்ல மனிதர்தான், ஆனால் முகத்தில் கண் இருப்பது அழகுக்கு. அவர் எந்தப் பேணியைக் கொண்டுபோனார் என்று சொல்லவும் வேண்டுமா?

மறுநாள் அலுமாரிக்கு மேல் மிஞ்சியிருந்த பேணியில் பணியாரத்தைக் கண்டவள் கணவரிடம் ஓடினாள்.

"கண்ணைத் திறந்துகொண்டுதானே எடுத்தனீங்கள்?"

"பாரம் சரியாய்த்தானப்பா இருந்தது," என்றார் ஞானசுந்தரம்.

கலியாண வீட்டுக்குப் பலகாரம் என்று கடதாசி கொடுத்த கதை வெளியே போனால் ஐரோப்பா முழுக்கச் சிரிக்கும். ஆகவே சிசிலிக்குப் போன் எடுத்து, பணியாரம் எப்படி என்று மட்டும் கேட்டாள்.

"அருமை அக்கா! வாயிலை வைச்ச உடனை கரைஞ்சிட்டுது."

கரைந்ததாம்! "அந்தப் பேணி இருக்கோ?"

"ஐயோ அக்கா, பலகாரம் மலையாய்க் குவிஞ்சு போச்சு. வந்த சனத்துக்கு ஆளுக்கொரு பேணியாய்க் குடுத்து விட்டிட்டன். ஆருக்கு எது போனதெண்டு ஆர் கண்டது?"

வந்த சனம் பாரிஸ், லண்டன், ஹனோவர் என்று எங்கெங்கோ இருந்து வந்தது. யாரைக் கேட்பது, என்னவென்று கேட்பது? தேவமலர் வழக்கம்போல ட்ராம் ஓட்டினாள். மாலையில் தேத்தண்ணிக் கோப்பைக்கு முன் வெறும் மேசை. ஒருநாள் அந்த மீசைக்காரர்களை நினைத்து விம்மி விம்மி அழுதாள். கடைசியில் சில்வர் ஹில்லும் அவளை அழவைத்துவிட்டது.

குளிர் தொடங்கியபோது ஹனோவரிலிருந்து ஒன்றுவிட்ட தங்கை பிரபாலினி வந்தாள். கையில் நீலப் பேணி.

"வெறுங்கையோடை வர ஏலாதெண்டு நேற்று முழுக்க நிண்டு சுட்டனான் அக்கா. பயித்தம் பணியாரம்."

பேணியைச் சுற்றி மஞ்சள் ரேப். நுனி உள்ளே மடித்து ஒட்டியிருந்தது. தேவமலர் ஒட்டினால் அப்படித்தான் மடிப்பாள்.

"இருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்," என்று பேணியோடு குசினிக்குள் ஓடினாள். ரேப்பைக் கிழித்துத் துணியை விரித்தாள். ரயில் நின்றது, சேறு கிடந்தது, மீசைக்காரர்கள் அதே முறைப்போடு நின்றார்கள். ஒரு முனைகூட மடங்கவில்லை. போன உயிர் திரும்பி வந்தது. பேணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குசினித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா, பதம் சரியோ?" என்று வெளியே இருந்து குரல் வந்தது.

"இப்பிடி ஒரு பணியாரம் என்ரை சீவியத்திலை நான் கண்டதில்லை, பிரபா," என்றாள் தேவமலர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அப்ப அடுத்தமுறை இன்னும் ரெண்டு பேணி சுட்டுக்கொண்டு வரட்டோ?"

"வேண்டாம் பிள்ளை. எனக்கு இதுவே காணும்."