லாரிக்கு அதிராத கம்பி

எங்கள் வீட்டுக் கிட்டார் தானாக முனகுவதை முதலில் கேட்டது நான்தான். சொன்னால் யார் நம்பினார்கள்? மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் பேச்சை நம்பும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

கிட்டார் அம்மாவின் தம்பியுடையது. அவரும் அப்பாவும் விஸ்வநத்தத்தில் ஒரே பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்தார்கள். எங்கள் ஊரில் பட்டாசுத் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர்; வெளியூர்க்காரர்கள் மேஜை நாற்காலியை நினைத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு. அங்கே நடந்த ஒரு வெடிவிபத்தில் மாமாவுக்கு இரண்டு காதும் போயிற்று. அவர் எங்களோடு வந்து தங்கிவிட்டார். அப்பா மட்டும் போர்மேனாகத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தார்.

கல்லூரிக் காலத்துக் கிட்டாரை மாமா மறுபடி கையில் எடுத்தபோது அம்மாவுக்கு அத்தனை சந்தோஷம். ஆனால் அவர் வாசித்தால்தானே! மதுரைக்குப் போய்த் தடித்த கம்பிகள் வாங்கி வந்தார். சுருதியை வழக்கத்தைவிட வெகுவாக இறக்கினார். மெல்லிய கம்பியை அவ்வளவு இறக்கினால் தொய்ந்துபோய் உரசி இரையுமாம். தடித்த கம்பி உட்கார, கிட்டார் கழுத்தின் உச்சியில் கம்பிகளைத் தாங்கும் எலும்புத் துண்டின் பள்ளங்களைச் சன்ன அரத்தால் ராவி அகலமாக்கினார். கழுத்து வளையாமலிருக்க, அதற்குள் ஓடும் இரும்புத் தண்டைச் சாவி போட்டுத் திருகினார்.

பிறகு கிட்டாரின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு கம்பியை மீட்டி, கண்ணை மூடிக்கொள்வார். தாடை எலும்பு வழியாகக் கொஞ்சம் கேட்குமாம். எனக்கோ அவர் அதைத் தின்னப் பார்ப்பதாகவே தோன்றும்.

அதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. கிட்டாரைக் கூடத்துச் சுவரில் சாய்த்து, அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்தபடி, தெருவில் லோடு லாரி வருவதற்காகக் காத்திருப்பார். லாரி போகும், கம்பி அதிரும். இல்லையென்று தலையை ஆட்டிவிட்டுச் சுருதியை இன்னும் கொஞ்சம் இறக்குவார். லாரி போயும் கம்பி சும்மா இருந்த அன்றுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். இதென்ன கூத்து என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் அது முனகியது. வெயில் கொளுத்திய ஒரு மதியம், கூடத்தில் நான் மட்டும் இருந்தேன். சுவரோரத்திலிருந்து, வாயைப் பொத்திக்கொண்டு யாரோ அழுவதுபோல ஒரு சத்தம். தொட ஆளில்லாமல் அடிக்கம்பி நடுங்கிக்கொண்டிருந்தது. அது அடங்குவதற்குள் தூரத்தில் வெடித்தது. ஜன்னல் கண்ணாடிகள் கலகலத்தன. அன்றைய விபத்து ஆனைக்குட்டம் பக்கம்.

அடுத்த தடவையும் முதலில் முனகல், பிறகு வெடி. இம்முறை அம்மாவும் கேட்டாள். மண்ணுக்குள் வரும் அதிர்வு காற்றில் வரும் சத்தத்தை முந்திவிடும் என்பதெல்லாம் நான் பின்னால் படித்தது. அப்போது எங்களுக்குப் பட்டது ஒன்றுதான்: இது கூப்பிடுகிறது, அது வருகிறது.

"இந்தப் பீடை அவுகளையும் கூப்பிட்டுரும்" என்றாள் அம்மா. அவுக என்றால் அப்பா. ஒரு நாள் மாமா முடிவெட்டப் போயிருந்த நேரம், கிட்டாரைத் தூக்கி உள்ளறை மெத்தையில் கிடத்திப் போர்வையால் மூடினாள். பிணத்தைப் போர்த்திய மாதிரி இருந்தது.

மாமா திரும்பி வந்து நேரே சாப்பிட உட்கார்ந்தார். அப்போது முனகல் இல்லாமலே வெடித்தது. தெருவில் ஆட்கள் ஓடினார்கள். அம்மா கரண்டியும் கையுமாக உறைந்து நின்றாள். மாமா குனிந்த தலை நிமிராமல், "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்துக்கா" என்றார்.

ரசம் வராததால் நிமிர்ந்தார். அம்மாவின் முகத்தையும், ஜன்னலுக்கு வெளியே விஸ்வநத்தம் பக்கம் எழும்பிய புகையையும், கிட்டார் இல்லாத சுவரையும் பார்த்தார். காது கேளாதவர்களின் அந்தப் பெரிய குரலில் சொன்னார்: "அத்தான் அங்கன இருக்கையில, நான் பாட்டுக்குச் சோறு தின்னுக்கிட்டு இருக்கேனேக்கா. லாரிய விட்டுட்டு வெடிக்கு மட்டும் அதிரத்தானே அதச் சுவத்துல சாச்சு வச்சேன்."

அப்பாவுக்கு அம்மா போன் அடித்துக்கொண்டே இருந்தாள். ஆபீஸுக்குள் போனை விடமாட்டார்கள், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அது அங்கே எடுக்க ஆளில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு அவள் உள்ளே போய்க் கிட்டாரை எடுத்து வந்து பழைய இடத்தில் சாய்த்து, மாமாவின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். தன் கையையும் வைத்துக்கொண்டாள். பட்டாசு ஆபீஸ் ஒரு வெடியோடு அடங்காது, தீ ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் பரவும். மறுபடி கம்பி முனகியது. மறுபடியும். இருவரும் கையை எடுக்கவில்லை. பயந்தவளே ஏன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் அப்பா வெடிமருந்து நாற்றத்தோடு நடந்து வந்தார். வெடித்தது பக்கத்து ஆபீஸாம். மாமா எழுந்து போய் அப்பாவின் நெஞ்சில் உள்ளங்கையைப் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

அப்பாவுக்கும் சுருதி பார்க்கிறார் மாமா என்று நான் கைகொட்டிச் சிரித்தேன். யாருமே சேர்ந்து சிரிக்காததில் எனக்குப் பெரிய வருத்தம்.