அபி காலூன்றும் முன் நான் சொல்ல வேண்டியிருந்தது

என் பேத்தி அபி நடக்க வேண்டும் என்று என்னோடு சேர்ந்து ஜெபித்த சபையார் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நீங்கள் உண்மையாக ஜெபித்தீர்கள். நான் ஜெபித்த வாயாலேயே ஒரு பொய்யையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு எழுபத்தொரு வயது. அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நம் சபையில் ஞாயிறுதோறும் பிரசங்கமும் செய்துவந்தேன். மனைவி இறந்த பிறகு ஆரம்பாக்கத்தில் மகன் டேனியலின் குடும்பத்தோடு இருக்கிறேன். டேனியலும் மருமகள் எஸ்தரும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்த்தார்கள். இருவருக்கும் காலை ஷிப்ட் வரும் வாரங்களில், பத்து மாதக் குழந்தையை நான் பார்த்துக்கொண்டேன்.

அபி அப்போதே கட்டிலைப் பிடித்து எழுந்து நிற்பாள். தரையில் விட்டால் ஓர் இடத்தில் இருக்க மாட்டாள். பின்னாலேயே குனிந்து நடக்க என் முதுகு இடம் கொடுக்கவில்லை. சக்கரம் வைத்த வாக்கர் ஒன்று வாங்கி வந்தேன். எஸ்தருக்கு அது பிடிக்கவில்லை.

"இன்னாத்துக்கு மாமா இது? அதுவா தவழ்ந்து, அதுவா எழுந்து நடக்கும். முடியலன்னா பத்து நிமிஷம் வெச்சிட்டு எறக்கிடுங்க."

சரி என்றேன். அவள் கம்பெனி பஸ் ஏறியதும் குழந்தையை வாக்கரில் வைத்து, அதை ஒரு பழைய துண்டால் ஜன்னல் கம்பியில் கட்டிவிடுவேன். பிறகு செய்தித்தாள், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கக் குறிப்பு. தினமும் ஐந்து மணி நேரம். அழுதால் பிஸ்கட் கொடுப்பேன்.

போன ஆண்டு பள்ளிகள் திறந்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காஸ் சிலிண்டர் வந்தது. கதவை அகலத் திறந்தேன். வழியில் இருந்த வாக்கரின் கட்டை அவிழ்த்து, அபியோடு அதை ஓரமாகத் தள்ளினேன். சிலிண்டரை எங்கே வைப்பது என்று சமையலறையில் காட்டிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. எங்கள் வாசலில் மோட்டார் சைக்கிள் ஏற்ற ஒரு சிமெண்ட் சரிவு உண்டு. வாக்கர் அதில் உருண்டு தெருவில் கவிழ்ந்து கிடந்தது. அபியின் வலது தொடை எலும்பு முறிந்திருந்தது. சாய்தளத்தில் சக்கரம் என்ன செய்யும் என்று முப்பது ஆண்டு பாடம் நடத்தியவன் நான்.

ஆஸ்பத்திரியில் டேனியல் கேட்டபோது, "எஸ்தர் கதவச் சரியா சாத்தாம போயிட்டா போல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அது போதுமாக இருந்தது.

"பஸ்ஸப் புடிக்கற அவசரத்துல கதவக்கூட சாத்த மாட்டியா? கம்பெனிதான் பெருசா உனுக்கு?" என்று அவன் அவளிடம் கத்தினான்.

"சாத்தினேன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். அவளே தன்னைச் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டாள். வேலையை விட்டாள். ஒரு ஞாயிறு ஆராதனையில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது: "புள்ளைய வுட்டுட்டு சம்பாரிச்சு இன்னா பண்ணப் போறா?" எனக்குக் கேட்டது. ஜெபிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடிவிட்டது என்றார் டாக்டர். ஆனால் அபி காலை ஊன்றவில்லை. நிற்க வைத்தால் இரண்டு கால்களையும் மேலே இழுத்துக்கொண்டு அலறுவாள். முதல் பிறந்தநாளும் அப்படியே போனது. நான் சபையின் முன் நின்று உரக்க ஜெபித்தேன். அந்த ஜெபம் கூரைத் தகரத்தைத் தாண்டவில்லை என்று எனக்கே தெரிந்தது.

அரசு மருத்துவமனையில் உடற்பயிற்சி சிகிச்சை தரும் அம்மா ஒருவர் அபியின் பாதங்களை வெகுநேரம் பார்த்தார். "முறியாத காலும் நுனி விரல்லதான் நிக்குது. முன்னாடி வாக்கர்ல எவ்ளோ நேரம் வெச்சீங்க?"

"பத்து நிமிஷம் மேடம். மாமா எறக்கிடுவாரு" என்றாள் எஸ்தர்.

அவர் அதை எழுதப் போனார். ஆண்டவரே, இவளை நடக்க வையும் என்று வழக்கம்போல் மனதுக்குள் சொன்னேன். ஆறுதல் வரவில்லை. வாய்தான் திறந்தது.

"அஞ்சு மணி நேரம். தெனமும். கட்டி வெப்பேன். அன்னிக்குக் கதவத் தொறந்ததும் நான்தான்."

எஸ்தர் என்னைத் திட்டவில்லை. "அப்ப, நான் சாத்தினேனா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"சாத்திட்டுத்தாம்மா போன."

அவள் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகையை நான் சாகும்வரை மறக்க முடியாது.

சிகிச்சை தந்த அம்மா குதிகால் நரம்பை நீவி இழுக்கும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். செருப்பில்லாமல் தரையில் விடச் சொன்னார். "கையப் புடிச்சு இழுக்காதீங்க. புடிச்சிக்க ஏதாவது வெச்சுக் குடுங்க, போதும்."

அடுத்த ஞாயிறு உங்களில் வந்திருந்தவர்கள் முன் இதைச் சொல்லி, பிரசங்க மேடையை விட்டு இறங்கினேன். வார நாட்களில் ஜெப வீடு காலியாக இருக்கும். எஸ்தர் அபியை அங்கே கூட்டிவருவாள். பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போடுவது மட்டும் என் வேலை. அபி அவற்றைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தாள். முதலில் இடைவெளி இல்லை. பிறகு ஒரு சாண். பிறகு ஒரு முழம். சில நாள் நகரவே மாட்டாள். அழுதுகொண்டே வீடு திரும்புவோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், கடைசி நாற்காலியில் எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். நடுவே நான்கு அடி வெற்றுத் தரை. அபி அதைப் பார்த்து நின்றாள். என் கை தானாக நீண்டது.

"வுடுங்க மாமா. அவளே வருவா."

கையை இழுத்துக்கொண்டேன். குதிகால் தரையில் முழுதாகப் பதிந்ததைப் பார்த்தேன். ஐந்து எட்டு வைத்தாள். தாயின் மடி. நான் அந்தத் தரையிலேயே முகங்குப்புற விழுந்தேன்.

குழந்தையின் வலியால் தேவன் என்னைத் தண்டித்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் உதவி வரும் வழியை நான் மறித்துக்கொண்டு நின்றேன். எஸ்தர் இப்போது மறுபடியும் வேலைக்குப் போகிறாள். அபியை என்னிடம் தனியாக விடுவதில்லை. பக்கத்து வீட்டில் விட்டுப் போகிறாள். அது நியாயம். டேனியல் அவளிடம் மன்னிப்புக் கேட்டான். என்னிடம் இன்னும் அளந்துதான் பேசுகிறான். அதுவும் நியாயம்.

உங்களில் யாருக்காவது பதில் வராத ஜெபம் இருந்தால், சொல்லாமல் வைத்திருப்பது ஏதாவது உண்டா என்று பாருங்கள். இருந்தால், அவரை நம்பிச் சொல்லிவிடுங்கள். என் மரியாதை போனது. நான் அழிந்துபோகவில்லை, தேவன் தாங்கினார்.

மாலையில் அபி சுவரைத் தடவிக்கொண்டு அந்தச் சிமெண்ட் சரிவில் ஏறி வருகிறாள். எஸ்தர் பின்னால் நிற்கிறாள். நான் மேலே, இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு, ஒவ்வொரு எட்டுக்கும் நன்றி சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.