ஒலிபெருக்கி லிந்தோவும் பழத்து ஈயும்

எங்கள் சாந்தா ரோசலியாவில் யார் செத்தாலும், யார் வீட்டில் பன்றி அடித்தாலும், ஊருக்குத் தெரிவது தியோதோலிந்தோவின் வாயால்தான். பழைய வண்டியின் கூரைமேல் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவான். படகோட்டி மெல்கியாதெஸின் நாலு பிள்ளைகளில் கடைசி. மற்ற மூன்று பேருக்கும் தோளில் இறங்கிய பலம் இவனுக்குத் தொண்டையில் தங்கிவிட்டது. பெயரைச் சுருக்கி லிந்தோ என்பார்கள். எங்கள் பேச்சில் அதற்கு அழகன் என்று பொருள். அவன் முகத்தைப் பார்த்தபடி சிரிக்காமல் அப்படிக் கூப்பிட்டவர் யாருமில்லை.

கொடுத்த தாளில் உள்ளதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் வாசிப்பது அவன் விரதம். காரணம் உண்டு. ரிகோபெர்த்தோவின் மாமியார் இறந்த அன்று, 'மாமியார்' என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிட்டான். ரிகோபெர்த்தோ பாதி மழித்த தாடியோடு ஓடிவந்து, தான் உயிரோடிருக்கும் சேதியை வீடு வீடாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

சீக்கா காய்ச்சல் வந்த வருஷம், சுகாதார நிலையத்து நர்ஸ் நின்பா முத்திரை குத்திய தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். 'மொஸ்கித்தோவால் சீக்கா பரவுகிறது. கர்ப்பிணிகளுக்கு வந்தால் வயிற்றுப் பிள்ளையின் தலை சிறுத்துப்போகக்கூடும். மொஸ்கித்தோவை அண்டவிடாதீர்கள்.' மூன்று நாள் காலையும் மாலையும் லிந்தோ அதையே முழங்கினான்.

தலைநகரத்தில் அதை எழுதியவருக்கு எங்கள் பேச்சு தெரியாது போலிருக்கிறது. எங்களைக் கடித்து ரத்தம் குடிக்கும் கொசுவுக்குப் பெயர் சங்கூதோ. மொஸ்கித்தோ என்றால் கனிந்த பழத்தின்மேல் மொய்க்கும் பொடி ஈ. பாவம், அது யாரையும் கடித்ததில்லை.

ஊர் சொன்னபடி கேட்டது. பழக்கூடைகளைத் துணியால் மூடினார்கள். கனிந்த வாழைப்பழத்தைப் பன்றிக்குப் போட்டார்கள். லிந்தோ எல்லோரையும் மிஞ்சினான். அவன் மகள் யாதிராவுக்கு இரண்டு கர்ப்பம் கலைந்து மூன்றாவது தங்கி மூன்று மாதம். அவளுக்கோ வறுத்த வாழைப்பழம் என்றால் உயிர். ஒரு பழம் வாசல் தாண்ட விடவில்லை அவன்.

நாலாம் நாள் பழக்காரி கிரெசென்சியா வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"எறங்குடா கீழ, அழகா! என் பழத்து மேல உனக்கு என்னடா கடுப்பு?"

"நானாக்கா சொல்றேன்? தாள்ல இருக்கு."

"பொண்டாட்டிய விட்டுட்டு ஓடுன்னு தாள்ல இருந்தா ஓடிருவியா?"

"முத்திரை குத்தியிருந்தா யோசிப்பேன்."

"நாப்பது வருஷமா இந்த ஈயோடதான் குடித்தனம் பண்றேன். ஒரு தும்மல் வந்திருக்கா எனக்கு? எந்த ஈ யாரக் கடிச்சிச்சுன்னு காட்டுடா பாப்போம்!"

லிந்தோ வண்டியை வீட்டுக்குத் திருப்பினான். கொல்லையில் யாதிரா தண்ணீர்த் தொட்டியோரம் துணி துவைத்துக்கொண்டே காலால் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கணுக்காலெல்லாம் தடிப்பு.

"என்னம்மா அது?"

"சங்கூதோப்பா. பட்டப்பகல்லயே பிடுங்குது. நீங்க வாழப்பழத்துக்குக் காவல் நிக்கிறீங்க, கடிக்கிறவன் இங்க குடியிருக்கான்."

தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். நூறு புழுக்கள் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தன. லிந்தோ தாளைப் பிடித்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினான்.

"ஏம்மா நின்பா, கடிக்கிறது ஈயா, சங்கூதோவா?"

"சங்கூதோதான். அதத்தானே மொஸ்கித்தோன்னு எழுதியிருக்கு. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"எல்லாருக்குமா? ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. பன்றிங்கதான் பழம் தின்னு கொழுத்துப்போச்சு!"

நின்பா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அவள் தலைநகரத்தில் வளர்ந்தவள். "அய்யோ... தலைநகரத்துக்கு எழுதிக் கேட்டாத்தான் மாத்தலாம் அண்ணே. பதில் வர ரெண்டு வாரம் ஆகும்."

"என் மக ரெண்டு வாரம் கடி வாங்கணுமா?"

அவள் கதவைச் சாத்தினாள். குரலைத் தணித்து, "தொட்டித் தண்ணிய எறக்கிட்டு, சுவத்தத் தேய்க்கச் சொல்லுங்க. முட்டை தண்ணி விளிம்புக்கு மேல ஒட்டிக்கிட்டு இருக்கும். வாரத்துக்கு ஒருக்கா தேய்க்கணும். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றாள்.

லிந்தோ வண்டியில் ஏறினான். தாளை மடித்து இருக்கையில் போட்டான், அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

"ஊராரே! மூணு நாளா தப்பாக் கத்திட்டேன். பழத்து ஈ நல்லது. சங்கூதோதான் களவாணி! காலுல வெள்ளக் கோடு போட்டவன், பகல்ல கடிக்கிறவன், உங்க தொட்டிலயே பொறந்தவன்! தண்ணிய எறக்கி சுவத்தத் தேயிங்க! புள்ளத்தாச்சிப் பொண்ணுங்க காலுக்கு நீளத் துணி கட்டுங்க!"

"மறுபடி யார உயிரோட பொதைக்கப் போற?" என்று ரிகோபெர்த்தோ சன்னலிலிருந்து கத்தினான். ஆனாலும் தொட்டி தேய்க்க நாரைத் தேடிக்கொண்டுதான் கத்தினான். அன்று மாலைக்குள் ஊர் முழுக்கத் தொட்டி சுரண்டும் சத்தம். லிந்தோ தன் தொட்டியை மூன்று தரம் தேய்த்தான்.

ஆனால் அதற்குமுன் பட்ட கடிகளில் எது என்ன வைத்துவிட்டுப் போனதோ, யாருக்குத் தெரியும்? யாதிராவுக்குக் காய்ச்சல் வரவில்லை. வராமலும் தொற்றலாம் என்று நின்பா சொல்லிவிட்டாள். ஆறு மாதம் லிந்தோவின் குரல் பாதியாகத் தேய்ந்தது. ஊரே அமைதியாகத் தூங்கியது என்று கேலி பேசினார்கள்.

பேத்தி பிறந்தாள். நின்பா அளவு நாடாவை எடுத்துத் தலையைச் சுற்றி வைத்தாள். "சரியா இருக்கு."

"இன்னொருக்கா அள."

அளந்தாள். "சரியா இருக்குண்ணே."

"நாடா சுருங்கிருக்கப் போகுது. இன்னொருக்கா."

நின்பா மூன்றாம் தரமும் அளந்தாள். "அண்ணே, தலையில ஒரு குறையும் இல்ல. கவலப்படணும்னா மூக்கப் பாத்துக் கவலப்படுங்க. அச்சு அசல் உங்க மூக்கு!"

யாதிரா படுத்த படுக்கையிலேயே குலுங்கிச் சிரித்தாள். லிந்தோ பேத்தியின் மூக்கைப் பார்த்தான், தன் மூக்கை ஒருதரம் தொட்டுப் பார்த்தான். பிறகு நின்பாவின் கையிலிருந்த நாடாவை வாங்கிச் சுருட்டி வைத்தான்.