ஏழாம் படுக்கையின் விரிப்பு

குழந்தைகள் வார்டுக்குப் போகிற விரிப்புகளை லாண்டரி அண்ணன் எப்போதும் கடைசியாகத்தான் இஸ்திரி போடுவார். சூடு ஆறுவதற்குள் பிள்ளைகளிடம் போய்ச் சேரட்டும் என்றுதான். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியின் துணி அறையில் மூட்டையை வாங்கி வைக்கும் ஸ்டோர் அக்காவின் கைகளுக்கு மட்டும் அது தெரியும்.

பதினைந்து வருடமாக அவர் வெளுத்த துணிதான் அங்கே. அந்த வருடம் டெண்டர் வேறொருவருக்குப் போனது. பேசாமல் போய்விடுவார் என்று எல்லாரும் நினைத்திருக்க, மனிதர் ஆட்சேப மனுவும் கையுமாக வந்து நின்றார்.

"ஏண்ணே, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு வம்பு? நமக்குக் கொடுத்து வைக்கலைன்னு விட்டுடுங்களேன்" என்றாள் அக்கா.

"தோத்ததுக்கு வரலை தங்கச்சி. என் பேருக்கு நேரா 'மாதிரித் துணி கொடுக்கவில்லை'ன்னு எழுதிட்டாங்க. துணி மோசம்னு எழுதியிருந்தா வாயைப் பொத்திட்டுப் போயிருப்பேன். இதைப் பார்த்தா வேற எந்த ஆஸ்பத்திரி என் டெண்டரைப் பிரிக்கும்? மாதிரித் துணியைப் போட்டு சீல் வெச்ச கவரை உங்க மேசையிலதானே வெச்சேன்?"

அக்காவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அவர் கவரை வைத்துப் போன அன்றைக்கு நோயாளிகள் கூட்டம், விரிப்புக்குத் தட்டுப்பாடு. அவர் கொண்டுவந்தது எதுவானாலும் பிரித்துப் படுக்கையில் போட்டே பழகிய கை, அந்தக் கவரையும் கிழித்து உள்ளிருந்த விரிப்பை ஏழாம் படுக்கைக்கு அனுப்பிவிட்டது.

மேலே இருப்பவன் பார்த்துக்கொள்வான் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு, மனு மீதான விசாரணையில் நடந்ததை அப்படியே சொன்னாள்.

தலைமை அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "டெண்டருக்குக் கொடுத்த மாதிரித் துணி மேலயா ஆளைப் படுக்க வெச்சீங்க?"

"மூணு பேரு படுத்தாங்க சார். ஒருத்தரும் குறை சொல்லலை."

அறையே சிரித்தது. அண்ணனும்தான்.

எழுதியதை அடித்துத் திருத்தினார்கள். இரண்டு பேரிடமும் புதிதாக மாதிரி வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். அடுத்தவர் துணி கொஞ்சம் கூடுதலாகவே வெளுத்திருந்தது. அண்ணன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் துவைச்சிருக்கீங்க தம்பி" என்று போட்டிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கடைசி மூட்டையை அண்ணன் இறக்கிவைத்த அன்றுதான் அவரும் அக்காவும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது.

"இவ்வளவு அலைஞ்சும் கிடைக்கலையேண்ணே" என்று அக்கா கண்ணைத் துடைத்தாள்.

"அதனால என்ன? அடுத்த ஆஸ்பத்திரியில கேட்டா தலை நிமிந்து சொல்லலாம். இப்பத்தான் தங்கச்சி நான் ஒழுங்காத் தோத்திருக்கேன். வரட்டுமா?"