என் மனைவி எடை தூக்குகிறாள்

நான் இருக்கும் ஊரில் துண்டு இல்லாமல் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைய முடியாது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் அரைமணி தூரத்தில் இருக்கும் ஒரு சிற்றூர் அது. சேர்ந்த அன்றே வரவேற்பில் இருந்த பெண் "ஹாண்ட்டூஹ்?" என்றாள். துண்டு இருக்கிறதா என்கிறாள். குளிப்பதற்காகக் கேட்கிறாள் என்று நினைத்து, வீட்டிலேயே குளித்துவிட்டுத்தான் வந்தேன் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவள் ஒன்றும் புரியாமல் ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். உள்ளே காலால் எடை தள்ளும் இயந்திரத்தின் மேல் நீலத் துண்டு ஒன்று விரித்திருந்தது. ஆளைக் காணோம். தாம்பரம் பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தவன் நான். அடுத்தவன் துண்டு கிடக்கும் இடத்தில் உட்காரக் கூடாது என்பது ரத்தத்தில் ஊறியது. ஓரமாக நின்றேன். பின்னால் வந்த நெட்டையர் ஒருவர், காத்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவரும் மரியாதையாக எனக்குப் பின்னால் நின்றார். காலியாகக் கிடந்த இயந்திரத்துக்கு இரண்டு பேர் வரிசை. கடைசியில் ஒரு வயதான அம்மாள் வந்து எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யாரோ மறந்து விட்டுப்போன அந்தத் துண்டைக் கொக்கியில் மாட்டி, தன் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். வியர்வை படாமல் இருக்கத்தான் துண்டாம். அவ்வளவுதான் விஷயம்.

அன்று சாயங்காலம் வீடியோவில் இதைச் சொன்னபோது உமா விழுந்து விழுந்து சிரித்தாள். உமா என் மனைவி. சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நான் ஜெர்மனிக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. அவளும் மகள் ஹரிணியும் கேம்ப் ரோட்டுக்கு உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். ஹரிணி பத்தாவது முடித்ததும் இரண்டு பேரும் இங்கே வந்துவிடுவது என்று பேச்சு. அதை நம்பித்தான் நான் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மாறினேன். எடை குறைப்பதும் சேர்ந்து போட்ட திட்டம்தான். இருவருக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டது, இருவருக்கும் உடம்பு வைத்துவிட்டது. அவளுக்கு முழங்கால் வலி. எனக்குச் சர்க்கரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே வாரத்தில் நான் இங்கே சேர்ந்தேன், அவள் அங்கே டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் ஜிம்மில் சேர்ந்தாள். யார் முதலில் இளைக்கிறோம் பார்க்கலாம் என்று பந்தயம் கூடக் கட்டினோம்.

நான் புரோட்டீன் பவுடரை மருந்து என்று நினைத்துவிட்டேன். மூன்று வேளையும் ரொட்டியும் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு, அதற்கு மேல் இரண்டு கரண்டி பவுடரைக் கொழுப்பு எடுக்காத பாலில், வாழைப்பழத்தோடு சேர்த்து அடித்துக் குடித்தேன். குடித்தால் இளைக்கும் என்று நம்பிக்கை. எடை ஏறியது. அலுவலகத்தில் பக்கத்து மேசை மார்க்குஸ் என் டப்பாவைப் பார்த்துவிட்டு, இதற்குப் பதில் க்வார்க் சாப்பிடலாமே என்றார். க்வார்க் என்பது தயிருக்கும் பன்னீருக்கும் நடுவில் ஒன்று. புரோட்டீன் நிறைய, விலை மலிவு. வாங்கினேன். புளித்தது. சர்க்கரை போட்டுச் சாப்பிட்டேன். எப்படி இருக்கிறது என்று மார்க்குஸ் கேட்டபோது, சர்க்கரை போட்டால் அருமை என்றேன். அதற்குப் பிறகு அவர் எனக்கு யோசனை எதுவும் சொல்வதில்லை.

உமாவும் முதலில் தவறத்தான் செய்தாள். பவுடரைக் கொதிக்கிற பாலில் கொட்டி, சத்துமாவுக் கஞ்சி மாதிரி ஆற்றினாளாம். கட்டி கட்டியாகத் திரண்டு, கரண்டி நட்டுக்கொண்டு நின்றதாம். டப்பாவை மூடி வைத்துவிட்டு வேறு வழிக்குப் போனாள். காலையில் இரண்டு முட்டை. மதியம் சோற்றைப் பாதியாக்கி மீன், இல்லாவிட்டால் மீல்மேக்கர். கவுச்சி சமைக்காத வெள்ளிக்கிழமைகளில் சுண்டல். வாரத்தில் மூன்று நாள் எடை தூக்குவது. சில மாதங்களில் எல்லா ரவிக்கைகளையும் பிடித்துத் தைக்கக் கொடுத்தாள். எடைமேடையில் முள் பெரிதாக இறங்கவில்லை, ஆனால் ஆளே இறுகிவிட்டாள். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. வீடியோவில் கையை மடக்கிக் காட்டியபோது நன்றாக இருக்கிறது என்று என் வாய் சொன்னது. உள்ளே வயிறு எரிந்தது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று ஜிம்முக்குக் கூட வரும் தோழி ஜெயந்தி அவளுக்குத் திருஷ்டி கூடச் சுற்றிப் போட்டாளாம். கண் வைத்தவன் கடல் தாண்டி இருக்கிறான் என்று ஜெயந்திக்கு எப்படித் தெரியும்?

எரிச்சல் ஒரு பக்கம் என்றால், சந்தேகம் இன்னொரு பக்கம். ஜிம்மிலிருந்து சில நாள் பேசுவாள். பின்னால் ஓர் ஆண்குரல், "இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் அக்கா, வுடாதீங்க" என்று கேட்கும். அக்கா என்றுதான் கூப்பிடுகிறான், கேட்டால் மனம் அடங்க வேண்டும். அடங்கவில்லை. குரலை வைத்து ஓர் ஆளைச் செய்துகொண்டேன். இருபத்தைந்து வயது, இறுக்கமான பனியன், கையில் பச்சை குத்தியிருப்பான். போதாததற்கு, இங்கே வருவதற்கு முன்னால் கொஞ்சம் ஜெர்மன் கற்றுக்கொள் என்று நான் ஒரு வகுப்பைப் பார்த்துச் சொல்லியிருந்தேன். நேரமே இல்லைங்க என்றாள். அந்த வகுப்பு நடக்கும் அதே நேரத்தில்தான் ஜிம்முக்குப் போய்க்கொண்டிருந்தாள். வரப்போகிறவள் மொழி படிப்பாள், வராதவள் எதற்குப் படிக்க வேண்டும் என்று மனம் கணக்குப் போட்டது. கணக்கு டீச்சரின் கணவன் இல்லையா.

ஹரிணியின் பத்தாவது பரீட்சை முடிந்த கையோடு மே மாதம் விடுப்பில் போனேன். இந்த முறை இருவரையும் அழைத்து வருவதற்கு நாள் குறித்துவிட வேண்டும் என்பது ஒன்றே என் வேலை. பெட்டியில் முன்பெல்லாம் சாக்லேட்டும் சென்ட்டும் போகும். இப்போது உறவுக்காரப் பையன்கள் எல்லாம் புரோட்டீன் டப்பா கேட்கிறார்கள். நான் உமாவுக்காக மட்டும் இரண்டு பெரிய டப்பா கொண்டுபோனேன். அவள் வாங்கி, "எதுக்குங்க இவ்ளோ?" என்று சொல்லிவிட்டு அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைத்தாள். சிறிது நேரத்தில் வாசலில் தண்ணீர் கேன் வந்து இறங்கியது. எங்கள் தெருவில் குடிப்பதற்குக் கேன் தண்ணீர்தான். நான் விடுப்பில் வந்தால் கேன் தூக்குவது, காஸ் சிலிண்டர் உருட்டுவது, பரணில் ஏறுவது எல்லாம் என் இலாகா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போவதற்குள் உமா குனிந்து, முதுகை நேராக வைத்து, கேனைத் தூக்கித் தோளில் சாய்த்து உள்ளே கொண்டுபோய்க் குழாய் வைத்த பானையின் மேல் கவிழ்த்துவிட்டாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஹரிணி கைப்பேசியிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. அவர்களுக்கு அது தினப்படிக் காட்சி. நான் மடித்த வேட்டியை அவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

மறுநாளே ஜிம்முக்குக் கூடப் போனேன். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. ஜிம் நடத்தும் பாபு மாஸ்டர் படியிலேயே எதிர்கொண்டார். ஐம்பது வயது, நரைத்த தாடி, எனக்கு இருப்பதைவிடச் சற்றே பெரிய தொப்பை. இளைய பெண்ணுக்குக் காட்டாங்குளத்தூரில் காலேஜ் சேர்க்கை விஷயமாக யாரிடமோ கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். அதே குரல்தான். பேச்சை முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா வூட்டுக்காரரா? வாங்கண்ணா. உங்கள பத்தி அக்கா சொல்லிக்கினே இருப்பாங்க. பவுடரு நெறைய சாப்புடுறீங்களாமே? அதுல இன்னா கீது? சோத்த கொறைக்கணும், வெயிட்ட தூக்கணும், தூங்கணும்."

மேலே போய்ச் சற்று நேரத்தில் என்னைத் தரையில் கிடந்த கம்பியைத் தூக்கச் சொன்னார். அது உமா தூக்கிவிட்டு வைத்த எடை. மூச்சைப் பிடித்து இழுத்தேன். அசைவதாக இல்லை. மாஸ்டர் இரண்டு பக்கமும் எடைத் தட்டுகளைக் கழற்றினார். ஜெயந்தி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது தெரிந்தது. ஜெயந்தியின் குடும்பம் சேலையூரின் பழைய குடும்பம். ஒரு காலத்தில் விவசாயம், இப்போது வீட்டு வாடகை. உமாவுக்கு எந்த நாளில் சோர்வாக இருக்கும், ஹரிணி எந்தப் பாடத்தில் வழுக்குவாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. என் சர்க்கரை அளவு கூடத் தெரிந்து வைத்திருந்தாள். பழம் கொஞ்சம் குறைங்கண்ணா என்று எனக்கே சொன்னாள். பயிற்சிக்கு நடுவே அவளும் உமாவும் ஏதோ பாதி வாக்கியம் பேசுவார்கள், மீதியைச் சொல்லாமலே சிரிப்பார்கள். எனக்கும் உமாவுக்கும் அந்த மாதிரிச் சிரிப்பு இருந்தது. ஐந்து வருடமாக வாரக் கடைசி வீடியோவில் நான் முழு முழு வாக்கியமாகத்தான் பேசுகிறேன்.

மாஸ்டர் நான் செய்துவைத்த ஆளாகவே இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். சண்டை போட்டிருக்கலாம், கோபித்துக்கொண்டிருக்கலாம். பொறாமைப்பட ஓர் ஆள்கூட அங்கே அகப்படவில்லை. நான் பொறாமைப்பட்டது அந்த மாடியைப் பார்த்து. துருப்பிடித்த தட்டுகள், கீழேயிருந்து வரும் ரப்பர் வாசனை, அக்கா அக்கா என்ற கூப்பாடு, அதற்கு நடுவில் வேர்த்து விறுவிறுத்து நின்ற என் மனைவி. அவள் அங்கே நிறைந்திருந்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

விடுப்பின் இரண்டாவது வாரம், ஒரு சாயங்காலம் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடந்தோம். ஓய்வுபெற்றவர்கள் கைவீசி நடந்துகொண்டிருந்தார்கள். டிக்கெட் எப்போது போடலாம் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். உமா நடையைக் குறைக்கவில்லை.

"ஹரிணி ப்ளஸ் டூ முடிக்கட்டுங்க. வரமாட்டேன்னு சொல்லலை. இப்ப வரலைன்னு சொல்றேன்."

ஜிம்முக்காகவா என்று கேட்டுவிட்டேன். கேட்டதுமே அற்பமாக இருந்தது. அவள் கோபப்படவில்லை.

"உங்ககூட மூணு மாசம் இருந்தேனே, அப்பதாங்க எனக்கு உடம்பு வெச்சது. முட்டி வலி அங்கதான் ஆரம்பிச்சது. நீங்க ஆபீஸ் போயிட்டா ஜன்னல்தான்."

ஒரு குளிர்காலத்தில் பள்ளிக்கு விடுப்பு போட்டுவிட்டு ஜெர்மனிக்கு வந்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ச் சட்னிக்காக மிக்ஸியைப் போட்டாள். சற்று நேரத்தில் கீழ்வீட்டு அம்மாள் மணி அடித்தார். வந்த நாளாக யாருமே வீட்டுக்கு வராததால், முதல் விருந்தாளி வந்துவிட்டார் என்று உமாவுக்கு ஏக சந்தோஷம். வாங்க வாங்க என்று தமிழிலேயே கூப்பிட்டு, அடுப்பில் பாலை வைத்துவிட்டாள். அந்த அம்மாள் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, ஞாயிறு அமைதி நாள், சத்தம் கூடாது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் அதை நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பும்வரை, எந்தக் கிழமையிலும் உமா மிக்ஸியைத் தொடவில்லை. ஏரிக்கரையில்தான் அதை யோசித்துப் பார்த்தேன். என் வீட்டில் சோபாவில் கிடந்து ஊதிப்போனவள் அவள் ஊரில் எழுந்து நின்றுவிட்டாள். வந்துவிடு என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. மீதி நாட்களில் இன்னும் இரண்டு தடவை கேட்டேன். பதில் மாறவில்லை. மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் அதையும் கண்டுகொள்ளாமல் எனக்குப் பிடித்த சுறாப்புட்டு செய்தாள்.

மறுநாள் விடியற்காலை விமானம் என்ற நிலையில், கடைசி நாள் மாலை உமா என்னை ஜிம்முக்குக் கூப்பிட்டாள். ஜெயந்தி கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள், நீங்க கூட வாங்க என்றாள். நானும் விறைப்பாகவே போனேன். அன்றைக்கு மல்லாந்து படுத்து எடை தள்ளும் முறை. பலகையில் படுத்துக்கொண்டு, கம்பியை நெஞ்சு வரை இறக்கி மேலே தள்ள வேண்டும். கனமான எடை என்றால் தலைமாட்டில் ஓர் ஆள் நிற்க வேண்டும். கை சோர்ந்து கம்பி நெஞ்சின் மேல் உட்கார்ந்துவிட்டால் அவர் பிடித்துத் தூக்குவார். வழக்கமாக ஜெயந்தி நிற்கும் இடம் அது. நான் போய் நின்றேன். உமா இதுவரை தள்ளாத ஓர் எடையைப் போட்டுக்கொண்டு படுத்தாள். கீழேயிருந்து என்னைத் தலைகீழாகப் பார்த்தாள்.

"நான் சொன்னா மட்டும் பிடிங்க. அதுவரைக்கும் கை வைக்காதீங்க."

சரி என்றேன். கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டவள், தூக்காமல் ஒரு நொடி நிறுத்தினாள்.

"ஆனா எங்கயும் போயிடாதீங்க."

வீட்டில் என் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிவைத்ததே அவள்தான். நான் தலையை ஆட்டினேன்.

முதல் மூன்று தடவை எப்படியோ மேலே போய்விட்டது. நான்காவது, நெஞ்சிலிருந்து ஒரு சாண் எழும்பி அப்படியே நின்றது. அவள் கைகள் நடுங்கின. கழுத்து நரம்பு புடைத்தது. என் கைகள் தாமாகவே கம்பிக்குக் கீழே போய்விட்டன. பிடிங்க என்று சொல்லிவிடேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். ஒரே ஒரு தடவை சொல், நான் பிடிக்கிறேன். அவள் கண் என் முகத்தை விட்டு அகலவில்லை. வாய் திறக்கவில்லை. மாஸ்டர் அந்தக் கோடியிலிருந்து, கை வைக்காதீங்கண்ணா என்றார். கம்பி மெல்ல, மிக மெல்ல, மேலே போக ஆரம்பித்தது. அதற்கு நான்கு விரற்கடை கீழே, பிடிக்காமலும் விலகாமலும், என் இரண்டு கைகளும் கூடவே போய்க்கொண்டிருந்தன.