வெற்றிலைக்காரி நிங்கம்மா போட்ட கோடு

மைசூரில் அந்தச் சின்ன மார்க்கெட்டின் வெற்றிலைச் சந்தில் கடைசி இடம் நிங்கம்மாவுடையது. முதுகுக்குச் சுவர், முன்னால் ஐந்து பேரின் கூடைகள். மாமியார் உட்கார்ந்த இடம், கல்யாணமான கையோடு அவளுக்கு வந்தது. காலையில் களியும் உப்புச்சாறும் சாப்பிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால், வெளியே வர ஐந்து பேரிடமும் கூடையை நகர்த்தச் சொல்ல வேண்டும். எங்கே போகிறாள் என்று சந்துக்கே தெரிந்துவிடும். அதற்குக் கூசியே பகலில் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள். வெற்றிலைக்கு மட்டும் தெளிப்பாள். நீர் பிரியும்போது எரிச்சல் தாங்காமல் போனபோது டாக்டரம்மா திட்டித் தீர்த்தாள்.

மார்க்கெட்டை இடித்துக் கட்டப்போவதாகப் பேச்சு அடிபட்ட சமயம், கட்டிடப் படம் வரையப் படிக்கிற பிள்ளைகள் வந்து சந்து முகப்பில் பெரிய தாளை விரித்தார்கள். சுவரும் தூணும் மட்டும் அதில் இருந்தன. மற்றதை அங்கே புழங்குகிறவர்களே வரைய வேண்டும். ஒருவர் போட்டதை மற்றவர் அழிக்கக்கூடாது.

முதலில் அந்த ஐந்து பேரில் ஒருவரான ருத்ரப்பா தன் இடத்தைத் தாராளமாக வளைத்துப் போட்டார்.

"அண்ணா, இது கடையா, கல்யாண மண்டபமா?" என்றாள் பக்கத்துக்கடை தேவீரம்மா.

"நீ மட்டும் சுருக்கியா போடப்போற? இதை வச்சுத்தான் நாளைக்கு இடம் தருவாங்களாம்."

"அது எங்க கையில இல்லண்ணா. எப்படிப் புழங்குறீங்கன்னு பாக்கத்தான் இது" என்றாள் படிக்கிற பெண் மேகனா. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆளாளுக்கு ஒரு சாண் கூட்டியே போட்டார்கள்.

கடைசியில் பென்சில் நிங்கம்மா கைக்கு வந்தது. மூலையில் தன் கூடையைச் சின்னதாக வரைந்தாள். அப்புறம்தான் பார்த்தாள். கட்டங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. அவள் மூலையிலிருந்து வெளியே வர விரல் நுழையும் இடம்கூட இல்லை.

பென்சிலை அழுத்தி, ஐந்து பேர் கட்டங்களின் மேலும் சந்து முகப்பு வரை ஒரே கோடாக இழுத்தாள்.

"ஏய், என் கூடை மேலயே நடக்கிறியே!" என்றார் ருத்ரப்பா. "எந்த ஊருக்குப் போகுது உன் ரோடு?"

"கக்கூசுக்குண்ணா."

சிரிக்க வாயெடுத்த தேவீரம்மா அடக்கிக்கொண்டாள்.

"அழிம்மா அதை" என்றார் ருத்ரப்பா மேகனாவிடம்.

"அழிக்கக்கூடாதுண்ணா. எல்லாருக்கும் சொன்னதுதானே."

தாளைச் சுருட்டி எடுத்துப் போனார்கள்.

மறுநாள் நிங்கம்மா பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு மடக்குக் குடித்தாள். மதியம் எழுந்தபோது தேவீரம்மா கேட்காமலே கூடையை மடிப்பக்கம் இழுத்துக்கொண்டாள். மற்றவர்களிடம் கேட்க வேண்டியிருந்தது.

"ரோடு போட்ட மகாராணி வர்றாங்க, வழி விடுங்கப்பா!" என்று ருத்ரப்பா குரல் கொடுத்தார். பூக்கடை வரை தலைகள் திரும்பின.

அவள் தலை குனிந்தபடியே போனாள், திரும்பி வந்தாள். உட்கார்ந்ததும் கூடைகள் ஒவ்வொன்றாக முன்னால் வந்து மூடிக்கொண்டன.